புல்வனமும் கம்பளியும்: ஒரு நில அபகரிப்பின் வரலாறு

நாடுகளின் வரலாற்றை எழுதப் புகுவோர் ஆட்சி செய்தோரையும் நடந்த போர்களையும் எழுந்த நகரங்களையும் பற்றி விரிவாக எழுதுவர். காலின்கீழ் மிதிபடும் புல்லுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதும், அது மனிதரின் உழைப்பினதும் உடைமையினதும் வரலாற்றினின்றும் பிரிக்கவொண்ணாதது என்பதும் அவர்தம் கவனத்திற்கு அரிதாகவே வருகின்றன. அவுஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பகுதியில் ஒருகாலத்தில் தொடர்ந்து பரந்து கிடந்து, இன்று துண்டு துண்டாய்ச் சிதறி அழிவின் விளிம்பில் நிற்கும் யூக்கலிப்ரஸ் புல்வனத்தின் கதையை நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது, இவ்வுண்மையை ஒரு திட்டவட்டமான உதாரணத்தின் மூலம் விளக்கும் பொருட்டேயாம்.

யூக்கலிப்ரஸ் மரம் நமக்குப் புதியதன்று. தேயிலைத் தோட்டங்களின் விறகுத் தேவைக்காக 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட அம்மரம், மலையகத்தின் பத்தனைப் புன்னிலங்களிலும் தோட்ட எல்லைகளிலும் நிரை நிரையாக நிற்பதை நாம் அறிவோம். இவ்வாறு நெருக்கமாகவும் ஒரே வயதினதாகவும் நடப்பட்ட மரங்களைக் கண்டு பழகிய கண்களுக்கு, அதன் தாயகத்தில் அது வாழ்ந்த முறை வியப்பை அளிக்கும். நியூ சவுத் வேல்ஸின் மேட்டுநிலங்களிலும் அவற்றின் மேற்குச் சரிவுகளிலும், வடக்கே குயின்ஸ்லாந்தின் தென்பகுதியிலிருந்து தெற்கே விக்ரோறியா வரையும், வைற் பொக்ஸ், யெலோ பொக்ஸ், பிளேக்லி ரெட் கம் என்னும் மூவகை யூக்கலிப்ரஸ் மரங்கள் ஒன்றுக்கொன்று எட்ட நின்று வளர்ந்தன. அவற்றின் பரந்த கிளைகளுக்கிடையே வெயில் தாராளமாக நிலத்தை அடைந்தது. அந்நிலத்தை இடுப்பளவு உயர்ந்த கங்காரூப் புல்லும் வேறு பல புல்லினங்களும், புல்லிடையே மலரும் அல்லி இனங்களும் கிழங்குச் செடிகளும் மூடியிருந்தன. இதுவே நாம் புல்வனம் எனக் குறிப்பிடுவது. அடர்ந்த காடுமன்று, மரமற்ற வெளியுமன்று.

நிலத்தையும் அதன் கருப்பொருளையும் அங்கு வாழும் மக்களின் ஒழுக்கத்தையும் ஒன்றாக இணைத்து நோக்கும் திணைக் கோட்பாடு நம் பண்டைய இலக்கண மரபின் பெருஞ்செல்வம் ஆகும். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்ற கருத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் எடுத்தாள்கின்றார். கடும் வெயிலால் நேரும் திரிபு அது. நாம் இங்கு காணவிருக்கும் முல்லை நிலத்தின் திரிபையோ மூலதனம் விளைவித்தது. அத்திரிபு படிப்படியாக எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆராய்வதற்கு முன், அந்நிலத்தில் யார் வாழ்ந்தனர், எவ்வாறு வாழ்ந்தனர் என்பதை அறிதல் அவசியம்.

விராட்ஜுரி, கமிலறோய், நுனவல் முதலிய ஆதிக்குடி மக்களின் தாயகம் இப்புல்வனம். அவர்கள் ஏர் கொண்டு உழுதிலர், வேலி அடைத்திலர். எனினும் அந்நிலத்தை அவர்கள் பேணவில்லை என்று கூறுதல் பெரும் பிழையாகும். உரிய காலத்தில் உரிய இடத்தில் சிறு சிறு தீ மூட்டி, முதிர்ந்த புல்லை எரித்து, இளம் புல் தளிர்க்கச் செய்தனர். தளிரை நாடிக் கங்காரூ வந்தது. அவ்விடத்தில் வேட்டை எளிதாயிற்று. தீ இளமரக் கன்றுகளைக் கட்டுப்படுத்தியமையால் வனம் அடர்ந்துவிடாது திறந்தே இருந்தது. பெண்கள் கிழங்குகளைத் தோண்டியபோது மண் இளகியது. புல் விதைகளை அரைத்து உணவாக்கும் வழக்கமும் இருந்தது. பல்லாயிரம் ஆண்டு கால மனித உழைப்பும் அறிவும் அந்நிலத்தோற்றத்தினுள் உறைந்து கிடந்தன.

இதனை உணர்ந்துகொண்ட ஐரோப்பியரும் சிலர் இருந்தனர். நியூ சவுத் வேல்ஸின் தலைமை நில அளவையாளராகப் பணியாற்றிய தோமஸ் மிற்செல், 1848இல் வெளியான தமது பயண நூலில், தீ, புல், கங்காரூ, மனிதர் ஆகிய நான்கும் ஒன்றையொன்று சார்ந்தே அந்நாட்டில் நிலைபெற்றுள்ளன என்னும் கருத்தைப் பதிந்துள்ளார். ஆதிக்குடியினர் மூட்டும் தீ நின்றுவிட்ட சிட்னிச் சுற்றுப்புறங்களில் திறந்த வெளிகள் இளமரங்களால் அடைபட்டுப் போனதையும் அவர் கண்டு குறித்தார். ஆயின், மந்தைகளுக்கு உகந்த புதுநிலங்களைத் தேடி வழியளந்து கொடுத்தவரும் அவரே. பேரரசின் ஊழியன் கண்ணால் கண்ட உண்மை, பேரரசின் தேவைக்கு முன்னால் வலுவிழந்து போவதை வரலாற்றில் நாம் மீண்டும் மீண்டும் காண்கின்றோம். பெரும்பாலான குடியேறிகளோ, அப்புல்வனத்தை இங்கிலாந்துப் பிரபுக்களின் பூங்காவுக்கு ஒப்பிட்டு வியந்தனர். அப்பூங்காவைப் பேணிய தோட்டக்காரர் யார் என்ற வினா அவர்களுக்கு எழவில்லை.

1788இல் சிட்னித் துறையில் பிரித்தானியக் கைதிகளின் குடியேற்றம் நிறுவப்பட்டது. முதல் 25 ஆண்டுகள் அக்குடியேற்றம் கரையோரத்திற்கும் நீலமலைத் தொடருக்கும் இடையே ஒடுங்கிக் கிடந்தது. 1813இல் பிளக்ஸ்லன்ட், லோசன், வென்ற்வேத் ஆகிய மூவரும் அம்மலைத் தொடரைக் கடக்கும் வழியைக் கண்டனர். கைதிகளின் உழைப்பால் வீதி அமைக்கப்பட்டு, 1815இல் மலைக்கு அப்பால் பாதர்ஸ்ற் நகரத்திற்கு தேசாதிபதி மக்குவாரி அடிகோலினார். அவர்கள் கண்முன் விரிந்தது விராட்ஜுரி மக்களின் புல்வனம். மரம் வெட்டாமலே மந்தையை மேய விடலாம், பூமி வளமானது, நீரும் உண்டு. அதே காலத்தில் இங்கிலாந்தின் யோக்சயர் ஆலைகள் கம்பளிக்காகப் பசித்திருந்தன. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கொண்டுவரப்பட்ட மெரினோச் செம்மறியாடு அப்பசியை ஆற்றும் கருவியாயிற்று. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் பிரித்தானிய ஆலைகளுக்குக் கம்பளி வழங்குவதில் இக்குடியேற்ற நாடுகள் முதலிடத்தைப் பெற்றுவிட்டன. கைத்தொழிற் புரட்சியின் இயந்திர ஓசைக்கும், பன்னீராயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு கிழங்குச் செடி அழிவதற்கும் உள்ள தொடர்பு இவ்வாறே உருவாயிற்று.

இத்தொடர்பு வெறும் உருவகமன்று. கங்காரூப் புல் கோடையில் வளர்வது. இடைவிடாத மேய்ச்சலைத் தாங்காதது. கங்காரூவின் மென்மையான பாதத்திற்கு இசைந்திருந்த மண், ஆட்டினதும் மாட்டினதும் கடுங்குளம்பால் இறுகிற்று. மழைநீர் உட்புகாது மேலோடி, மண்ணை அரித்தது. மேய்ச்சல் ஓயாத இடங்களில் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே கங்காரூப் புல் மறைந்து, அதனிடத்தைக் குறும்புற்களும், பின்னர் மத்தியதரைக் கடற் பிரதேசத்திலிருந்து வந்த ஓராண்டுக் களைகளும் பற்றிக்கொண்டன. மஞ்சட் பூப் பூக்கும் முர்னொங் என்னும் கிழங்குச் செடி தென்பகுதி மக்களின் முக்கிய உணவாக இருந்தது. செம்மறியாடுகள் அதன் இலையைத் தின்றதோடு நில்லாது, மூக்கால் மண்ணைக் கிளறிக் கிழங்கையும் தின்று தீர்த்தன. நிலம் பறிபோகும் முன்னரே நிலத்தின் உணவு பறிபோயிற்று.

பசி போரை ஈன்றது. பாதர்ஸ்ற் சமவெளியில் குடியேறி ஒருவர் விராட்ஜுரி மக்களுக்கு உருளைக்கிழங்கு கொடுத்தார் என்றும், மறுநாள் அவர்கள் தாமே வந்து அகழ்ந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது என்றும், அதுவே 1824ஆம் ஆண்டின் மோதல்களுக்கு ஒரு தூண்டுதலாயிற்று என்றும் கூறப்படுகின்றது. தம் மண்ணில் விளைந்த கிழங்கை அகழ்வது களவாகும் என்ற எண்ணம் அவர்களுக்குப் புரியாத ஒன்று. விண்ட்றடைன் என்னும் வீரர் அவ்வெதிர்ப்பிற்குத் தலைமை தாங்கினார். 1824 ஓகஸ்ட் 14ஆம் திகதி தேசாதிபதி பிரிஸ்பேன் அப்பிரதேசத்தில் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். அது டிசம்பர் வரை நீடித்தது. விண்ட்றடைனைப் பிடித்துத் தருவோர்க்கு 500 ஏக்கர் காணி வெகுமதியாக அறிவிக்கப்பட்டது. ஒரு மக்கள் தலைவனின் தலைக்கு விலையாக அம்மக்களின் நிலத்தையே வைத்த இச்செயல், அப்போரின் பொருளாதார அடிப்படையை நூறு ஆவணங்களிலும் தெளிவாக விளக்கி நிற்கின்றது. அவரோ பிடிபடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் தம் மக்களுடன் மலைகளைக் கடந்து பரமற்றாவிற்கு நடந்து சென்று, தேசாதிபதி முன் தோன்றினார், மன்னிப்பும் பெற்றார். 1829இல் அவர் இறந்தார்.

வாளால் வென்றதைச் சட்டத்தால் உறுதி செய்வது ஏகாதிபத்தியத்தின் வழமை. 1835இல் யோன் பற்மன் என்பார் தென்பகுதியின் கூலின் மக்களோடு நில உடன்படிக்கை ஒன்று செய்துகொண்டதாக அறிவித்தபோது, தேசாதிபதி பேர்க் அதனைச் செல்லாதென அதே ஆண்டிற் பிரகடனம் செய்தார். நிலம் முழுவதும் முடிக்குரியது. ஆதிக்குடியினரிடம் விற்பதற்கு எதுவுமில்லை என்பதே அப்பிரகடனத்தின் சாரம். இலங்கை வாசகர்க்கு இக்குரல் பழகிய குரலாகும். ஐந்தே ஆண்டுகளின் பின்னர், 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், இலங்கையின் காடுகளும் தரிசுகளும் பயிரிடப்படாத காணிகளும், மாறான சான்று காட்டப்படும் வரை, முடிக்குரியன எனக் கொண்டது. அங்கு கம்பளி, இங்கு கோப்பி. அங்கு தீயால் பேணிய புல்வனம், இங்கு சேனைப் பயிர் செய்த காடு. ஒரே குடியேற்றக் காரியாலயம், ஒரே தத்துவம். உழுது வேலியடைத்த நிலமே உடைமை நிலம். மற்றவை யாவும் வெற்று நிலம் என்பதே அத்தத்துவம்.

இதற்கிடையில் மந்தை உடைமையாளர் அரசு வகுத்த எல்லைகளுக்கும் அப்பால் பரவினர். 1829இல் 19 கவுண்டிகளுக்கு உட்பட்டே குடியேறலாம் என எல்லை விதிக்கப்பட்டது. அவ்வெல்லையை மீறினோரைத் தண்டிக்க இயலாத அரசு, 1836இல் ஆண்டுக்குப் பத்துப் பவுண் அனுமதிக் கட்டணம் பெற்றுக்கொண்டு அவர்களை அங்கீகரித்தது. அத்துமீறிக் குடியேறியோர் இவ்வாறு நாட்டின் நிலப்பிரபுக்களாயினர். 1838 யூன் 10ஆம் திகதி வடமேற்குச் சரிவுகளிலுள்ள மயோல் கிறீக் என்னுமிடத்தில், எவ்விதக் குற்றமும் செய்யாத பெண்களும் குழந்தைகளும் முதியோருமாகக் குறைந்தது 28 பேர் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதற்காக அவ்வாண்டு டிசம்பரில் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். வெள்ளையர் இத்தகைய குற்றத்திற்குத் தண்டிக்கப்பட்டமை அக்காலத்தில் மிக அரிய நிகழ்ச்சி என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் தூக்கிலிடப்பட்ட எழுவரும் கைதிகளாக அனுப்பப்பட்டோரும் முன்னாட் கைதிகளுமே. கூட்டத்திற்குத் தலைமை வகித்த யோன் பிளெமிங் சுதந்திரப் பிரஜையாகப் பிறந்த காணிக்காரக் குடும்பத்தவன். அவன் தப்பினான், பிடிபடவேயில்லை. கத்தியை ஏந்தியோர் யார், காணியைப் பெற்றோர் யார் என்னும் வினாவை இங்கு நாம் எழுப்புதல் தகும்.

இனி நாம் சற்றுச் சங்கடமானதொரு விடயத்திற்கு வருகின்றோம். பெரும் மந்தை உடைமையாளர் கைப்பற்றிய காணிகளைப் பங்கிட்டு எளிய மக்களுக்கு வழங்கல் வேண்டும் என்ற கோரிக்கை 1850களில் வலுப்பெற்றது. அதன் பயனாக 1861இல் யோன் றொபேட்சனின் காணிச் சட்டங்கள் நியூ சவுத் வேல்ஸில் நிறைவேறின. 40 முதல் 320 ஏக்கர் வரையான நிலத்தை, ஏக்கர் ஒரு பவுண் வீதம், காற்பங்கை முன்பணமாகச் செலுத்தி, எவரும் தெரிந்தெடுத்துக்கொள்ளலாம். முற்போக்காளர் அனைவரும் வரவேற்கத்தக்க சட்டம் அன்றோ இது! ஆனால் அச்சட்டம் ஒரு நிபந்தனையும் விதித்தது: காணியிற் குடியிருந்து அதனை ‘அபிவிருத்தி’ செய்தல் வேண்டும். வேலியடைத்தலும் மரம் அழித்தலும் அபிவிருத்தியாயின. மந்தைக்காரன் மேயவிட்ட மட்டில் மரங்களேனும் எஞ்சின. சிறு விவசாயி தன் உரிமையை நிலைநாட்டுவதற்கு அம்மரங்களையே கொல்ல வேண்டியவனானான்.

கொன்ற முறையும் குறிப்பிடத்தக்கது. மரத்தை வெட்டி வீழ்த்தக் கூலி மிகும். ஆகவே அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாகச் செதுக்கி விட்டனர். நீரும் உணவும் அற்று, மரம் நின்றபடியே இறந்தது. சாம்பல் நிறமாய்க் கைவிரித்து நின்ற பிணமரங்கள் மைல் கணக்கில் அந்நாட்டின் காட்சியாயின. அவ்வேலையைச் செய்தோருள் சீனத் தொழிலாளர் பலர். றிவெறினாப் பகுதியில் சீனக் கூலிப்படைகள் ஒப்பந்த அடிப்படையில் பெருநிலங்களைத் துப்புரவு செய்தன. அந்நிலத்தைத் திருத்திய அவர்களுக்கு அந்நாட்டில் இடமில்லை எனக் கூறிற்று 1901ஆம் ஆண்டின் குடிவரவுக் கட்டுப்பாட்டுச் சட்டம். அச்சட்டத்தைத் தொழிலாளர் இயக்கமும் ஆதரித்தது என்பதை நாம் மறைத்தல் கூடாது. 1891இல் கம்பளி கத்தரிப்போர் குயின்ஸ்லாந்தில் நடத்திய பெரும் வேலைநிறுத்தம் உலகத் தொழிலாளர் வரலாற்றில் பெருமைக்குரியது. அவுஸ்திரேலியத் தொழிற் கட்சியின் தோற்றத்திற்கு உரமிட்டது. அதே இயக்கம் சீனரைச் சகோதரராக ஏற்கவில்லை. தான் போராடிய மண் யாருடையது எனக் கேட்கவுமில்லை. உழுபவனுக்கே நிலம் என்ற கோஷம் நியாயமானது. எனினும் ஏலவே ஒரு மக்களிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் அது எழுப்பப்படும்போது, பறிப்பைப் பங்கிடும் கோஷமாகவும் மாறக்கூடும் என்பதை இவ்வரலாறு நமக்கு எச்சரிக்கின்றது.

இயற்கையும் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டது. 1891 அளவில் அவுஸ்திரேலியாவிலிருந்த செம்மறியாடுகள் பத்துக் கோடியைக் கடந்திருந்தன. 1895இல் தொடங்கிய பெருவரட்சி முடிவதற்குள் அத்தொகை ஏறத்தாழ அரைவாசியாயிற்று. தேய்ந்த நிலத்திற்கு உரம் வேண்டியதாயிற்று. 20ஆம் நூற்றாண்டில் சுப்பர் பொஸ்பேற்றும் அந்நியத் தீவனப் பயிரான குளோவரும் பரப்பப்பட்டன. 1950களில் விமானத்திலிருந்தும் உரம் தூவப்பட்டது. வறிய மண்ணுக்குப் பழகிய உள்நாட்டுப் புற்கள் வளமிக்க மண்ணில் களைகளுக்குத் தோற்றன. ஆட்டுப்பட்டி தொடங்கிய அழிவை உரமூட்டை நிறைவு செய்தது. அவ்வுரம் வந்தது எங்கிருந்து? பெருமளவு பசிபிக் தீவுகளான நவுறுவிலிருந்தும் பனாபாவிலிருந்தும் வந்தது. பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றுக்கும் உரிய பொஸ்பேற் ஆணைக்குழு அத்தீவுகளின் மேனியைச் சுரண்டி எடுத்தது. பனாபா மக்களிற் பெரும்பாலோர் 1945இல் பீஜியின் றாபித் தீவிற்கு இடம் பெயர்க்கப்பட்டனர். நவுறுவின் நடுப்பகுதி கற்கூர்கள் நிறைந்த பாழ்நிலமாய் இன்றும் கிடக்கின்றது. ஒரு மக்களின் புல்லை அழிக்கப் பிறிதொரு மக்களின் மண் கப்பலேற்றப்பட்டது.

விளைவுகள் பின்னரும் தொடர்ந்தன. ஆழ வேரோடி நிலத்தடி நீரைக் கீழேயே வைத்திருந்த மரங்கள் அழிந்தபின், நீர்மட்டம் உயர்ந்து, மண்ணடியில் உறங்கிய உப்பை மேலே கொணர்ந்தது. பல இடங்களில் வயல்கள் உவராயின. 1970களிலும் 1980களிலும் நியூ இங்கிலன்ட் மேட்டுநிலத்தில் எஞ்சிய மரங்கள் பல்லாயிரக்கணக்கில் பட்டுப்போயின. உரமிட்ட மேய்ச்சல் நிலத்தில் பெருகிய வண்டுகள் இலைகளை மீண்டும் மீண்டும் தின்றன. வண்டைத் தின்னும் பறவைகளோ வாழிடமின்றிக் குறைந்திருந்தன. அந்நிலத்து மந்தைக்காரக் குடும்பமொன்றில் 1915இல் பிறந்த கவிஞர் யூடித் றைற் இவ்விடத்தில் நினைவுகூரத் தக்கவர். 1959இல் தம் முன்னோரின் குடியேற்றக் கதையைப் பரிவோடு எழுதிய அவர், 1981இல் அதே வரலாற்றை நிலமிழந்தோரின் துயரத்தை முன்வைத்துத் திரும்ப எழுதினார். காடழிப்பிற்கு எதிராகவும் ஆதிக்குடியினருடன் உடன்படிக்கை செய்யவேண்டுமென்றும் ஒருங்கே போராடினார். இரண்டும் ஒரே போராட்டம் என்பதை அவர் கண்டுகொண்டார்.

பறவைகளின் நிலை இன்னும் நெஞ்சை உருக்குவது. யெலோ பொக்ஸ், வைற் பொக்ஸ் பூக்களின் தேனை நாடித் திரியும் றீஜன்ற் தேனுண்ணி என்னும் பறவை இன்று காட்டிற் சில நூறே எஞ்சியுள்ளது. இளம் ஆண் பறவைகள் முதிய பறவைகளிடம் கேட்டே தம் இனத்தின் பாட்டைக் கற்கின்றன. கற்பிக்க முதியவை அருகில் இல்லாமையால், சில ஆண் பறவைகள் வேற்றினப் பறவைகளின் ஓசையைப் பாடித் திரிவதை 2021இல் வெளிவந்த ஆய்வு எடுத்துக் காட்டிற்று. மொழியைப் பறிகொடுத்தது மனித இனம் மட்டுமன்று. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வளர்த்த அரசின் கொள்கையால் ஆதிக்குடி மொழிகள் நலிந்ததை 1997ஆம் ஆண்டு விசாரணை அறிக்கையின் வழி உலகு அறிந்தது. பேசுவோர் சிதறிய இடத்தில் பேச்சும் சிதறும்.

இன்று இப்புல்வனத்தில் ஏறத்தாழப் பழைய நிலையில் எஞ்சியிருப்பது 5 வீதத்திற்கும் குறைவு. எஞ்சியது எங்கே என்பது சிந்திக்கத் தக்கது. நாட்டுப்புறக் கல்லறைகளில், புகையிரதப் பாதையோரங்களில், மந்தைகளை ஓட்டிச் செல்வதற்காக ஒதுக்கிய பழைய பாதைகளில் அது எஞ்சியுள்ளது. மொன்ரீகிள், வூட்ஸ்ரொக் ஆகிய சிற்றூர்களின் கல்லறைத் தோட்டங்கள் தாவரவியலாளர் தேடிச் செல்லும் இடங்களாகிவிட்டன. தேசியப் பூங்காக்கள் பெரும்பாலும் உழவுக்கு உதவாத பாறைநிலங்களிலும் செங்குத்துச் சரிவுகளிலும் அமைந்தன. வளமான பள்ளத்தாக்குகளின் புல்வனத்திற்கு அங்கு இடம் இருக்கவில்லை. தனியுடைமையின் கையும் ஆட்டின் வாயும் எட்டாத மூலைகளிலேயே அது பிழைத்தது. மொலோங் ஊருக்கு அண்மையில் யுரானி என்னும் விராட்ஜுரி மனிதரின் அடக்கத்தலம் உளது. மிற்செலின் பிற்காலப் பயணத்தில் வழிகாட்டியாய் விளங்கியவர் அவர். அவர் மறைந்தபோது அவர் மக்கள் சூழவுள்ள மரங்களில் தம் மரபுப்படி கோலம் செதுக்கினர். மிற்செலின் முயற்சியால் ஆங்கிலக் கல்வெட்டும் நாட்டப்பெற்றது. பட்டையைச் செதுக்கிக் கொல்லவும் கூடும், நினைவைப் பொறிக்கவும் கூடும் என்பதற்கு அம்மரங்கள் சான்று.

2006இல் மத்திய அரசு இப்புல்வனத்தைக் கடும் அழிவு அபாயத்திற்கு உள்ளான சமுதாயமாகச் சட்டப்படி பட்டியலிட்டது. பட்டியலிடுதல் காத்தலாகி விடுமா? மோல்ஸ் கிறீக் நிலக்கரிச் சுரங்கத்திற்கு 2013இல் அனுமதி வழங்கப்பட்டு, லேர்ட் அரச வனத்தின் வைற் பொக்ஸ் மரங்கள் வீழ்த்தப்பட்டன. அழிக்கும் வனத்திற்கு ஈடாக வேறோரிடத்தில் நிலம் ஒதுக்கினாற் போதும் என்பது சட்டத்தின் நியாயம். கிளி கூடுகட்டும் பொந்து ஒரு மரத்தில் உருவாக நூறாண்டுக்கு மேல் ஆகும். அந்நூறாண்டை எந்தக் காசோலையால் ஈடுசெய்வது? ஆயினும் அங்கு ஒரு புதுமை நிகழ்ந்தது. கொமெறோய் என இன்று தம்மை அழைக்கும் கமிலறோய் மக்களும், இயற்கைப் பாதுகாவலரும், அவ்வூர் விவசாயிகளும் ஒரே மறியலில் நின்றனர். நிலத்தைப் பறிகொடுத்தோரின் வழித்தோன்றல்களும் பெற்றோரின் வழித்தோன்றல்களும் ஒரே நிறுவனத்தின் முன் தோளோடு தோள் நின்ற காட்சி 1824இல் நினைத்தும் பார்த்திருக்க முடியாதது.

மீட்சிக்கு வழி இல்லாமலில்லை. களைகள் மலிந்த மண்ணில் சீனியைத் தூவினால், மண்ணின் நுண்ணுயிர்கள் பெருகி மிகுந்த நைதரசனை உட்கொள்ளும். களை பசியால் நலியும். அவ்வேளை தீயிட்டுக் கங்காரூப் புல்லை விதைத்தால், அது வேரூன்றிப் பின்னர் தானே களையைத் தடுக்கும் என்பதை இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் செய்து காட்டினர். கன்பராவின் புறத்தே வேலியிட்ட புல்வனத்தில், அந்நிலப்பரப்பிலிருந்து ஏறத்தாழ நூறாண்டாக மறைந்திருந்த பெற்றோங் என்னும் சிறு விலங்கு மீண்டும் மண்ணைக் கிளறுகின்றது. விராட்ஜுரி மக்களும் நுனவல் மக்களும் மூதாதையர் முறைப்படி மீண்டும் தீ மூட்டுகின்றனர்.

ஆயின் தீ மூட்டும் கைக்கு நிலத்தின்மீது உரிமை வேண்டாமா? 1992இல் மாபோ வழக்கில் உயர் நீதிமன்றம் வெற்று நிலம் என்ற பொய்யைத் தகர்த்தது. எனினும் தனியாருக்கு அறுதியாக வழங்கப்பட்ட நிலத்தில் ஆதியுரிமை அற்றுப்போயிற்று என்பதும் சட்டமாய் நிலைத்தது. புல்வனம் வளர்ந்த வளநிலத்திற் பெரும்பகுதி அவ்வாறு வழங்கப்பட்ட நிலமே. எனவே யாரும் விரும்பாத நிலத்தில் உரிமை மீண்டது. எல்லோரும் விரும்பிய நிலத்தில் மீளவில்லை. 2023இல் ஆதிக்குடியினர்க்கு அரசியலமைப்பில் ஆலோசனைக் குரல் வழங்கும் பிரேரணையும் மக்கள் வாக்கெடுப்பில் தோல்வி கண்டது.

பசித்தோர் நிறைந்த உலகில் புல்லைப் பற்றிப் பேசுவது ஓய்வுள்ளோர் பொழுதுபோக்கு அன்றோ என நண்பர் சிலர் வினவக்கூடும். நாம் மேலே கண்ட வரலாறு அவ்வினாவிற்கு விடையிறுக்கின்றது. புல் அழிந்தமையாற் பசித்தோர் விராட்ஜுரி மக்கள். மண் அகழப்பட்டமையால் நாடிழந்தோர் பனாபா மக்கள். மரத்தைக் கொன்றும் நாட்டிற் புகலற்றோர் சீனத் தொழிலாளர். உவர் வயலைச் சுமந்து நிற்போர் இன்றைய சிறு விவசாயிகள். இவர் அனைவரின் கணக்கும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. மாணவர்க்குப் பூமிசாத்திரம் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள், அவுஸ்திரேலியாவின் கோதுமை – கம்பளி வலயம் எனப் பாடநூல் நிறந்தீட்டிக் காட்டும் பகுதியை வரைபடத்திற் சுட்டும்போது, அந்நிறத்தின்கீழ் மறைந்து கிடக்கும் புல்லின் பெயரையும், அப்புல்லைப் பேணிய மக்களின் பெயரையும் சேர்த்தே சொல்வார்களாக.